இரைச்சலின் முகவரி

1970-களில் ஜப்பானின் யேசு நிறுவனம் செய்து உலகெங்கும் அனுப்பிய எஃப்டி-101 டிரான்சீவர் இன்றும் பல ஹாம்களின், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களின், மேசையில் வேலை செய்கிறது. அதன் ரிசீவர் முழுவதும் டிரான்சிஸ்டர்களால் ஆனது. டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டங்களில் மட்டும் வால்வுகள். பல வருடம் அலமாரியில் கிடந்த அப்படி ஒரு செட்டைப் பழுது பார்க்க எடுத்தால், வேலையின் முதல் பாதி பெரும்பாலும் சுலபமாகவே முடியும். உலர்ந்துபோன கண்டென்சர்களை மாற்றி, விட்டுப்போன சால்டரைப் புதுப்பித்து, சுவிட்சுகளைத் துடைத்தால் டயல் விளக்கு எரியும், ஸ்பீக்கரில் குரல்கள் கேட்கும். கூடவே ஓர் இரைச்சலும் கேட்கும். இவ்வளவு இரைச்சல் முன்பும் இருந்ததா, இப்போது கை வைத்ததால் வந்ததா என்ற சந்தேகம் எழும்போது வேலையின் இரண்டாம் பாதி தொடங்குகிறது.

பலர் வழி தவறுவது இங்கேதான். இரைச்சலைக் கேட்டதும் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். கண்டென்சர்கள் மாறும், டிரான்சிஸ்டர்கள் மாறும், சால்டரிங் அயர்ன் பட்டுப் பட்டு போர்டின் செம்புத் தடங்கள் பெயர்ந்து வரும். இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இரைச்சல் எங்கே பிறக்கிறது?

வானொலியின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய பதில் கிடைத்தது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ஹோம்டெல் என்ற ஊரில். அட்லாண்டிக் கடலைத் தாண்டும் ரேடியோ தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் வேலையை பெல் ஆய்வகம் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளரிடம் கொடுத்திருந்தது. ஃபோர்டு மாடல்-டி காரின் சக்கரங்கள் மேல் சுமார் 30 மீட்டர் நீளமுள்ள ஆண்டெனாவை ஏற்றி, 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றவிட்டு, 20.5 மெகாஹெர்ட்ஸில் அவர் மாதக்கணக்கில் பதிவு செய்தார். கேட்டதை மூன்றாகப் பிரித்தார். ஒன்று பக்கத்து இடி, மற்றொன்று தொலைதூர இடி. மூன்றாவதாக ஓயாத மெல்லிய சீறல் ஒன்று இருந்தது. அந்தச் சீறல் உச்சத்துக்கு வரும் நேரம் தினமும் 4 நிமிடம் முந்திக்கொண்டே போனது. 23 மணி 56 நிமிடம் என்பது விண்மீன்களைக் கொண்டு அளந்தால் பூமி ஒரு சுற்று சுற்றும் காலம். ஆகவே சீறல் வந்தது விண்மீன்களுக்கு இடையிலிருந்து; திசையைப் பார்த்தால் பால்வழி மண்டலத்திலிருந்து. 1933-இல் அவர் அதை அறிவித்தார். வானியலாளர்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. 1937-இல் இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் நகரில், தன் வீட்டுத் தோட்டத்தில் ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர் அகலத் தட்டு ஆண்டெனா கட்டி அந்த வேலையைத் தொடர்ந்த குரோட் ரீபர் ஓர் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்.

பழுது பார்ப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியது ஜான்ஸ்கியின் முறையை. அவர் இரைச்சலை ஒழிக்கப் பார்க்கவில்லை. வகை பிரித்தார், திசை பார்த்தார், நேரம் குறித்தார்.

மேசை மேல் இருக்கும் செட்டுக்கு முதல் சோதனை மிக எளிது. 7 மெகாஹெர்ட்ஸில் யாரும் பேசாத ஓரிடத்தில் டயலை வைத்து, ஆண்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆண்டெனாவுக்குப் பதிலாக நிற்கும் 50 ஓம் மின்தடையான டம்மி லோடு ஒன்றைச் செருக வேண்டும். இரைச்சல் சட்டென்று அடங்கினால் அது வெளியிலிருந்து வந்தது. ரிசீவர் நலமாக இருக்கிறது. அடங்காவிட்டால் செட்டுக்குள்ளேயே பிறக்கிறது.

இவ்வளவு எளிய சோதனையை ஏன் நம்பலாம்? இதற்கான விடை 1928-இல் வந்தது. அதே பெல் ஆய்வகத்தின் ஜான் ஜான்சனும், ஹாரி நைக்விஸ்ட் என்பவரும், இருவருமே சுவீடனில் பிறந்தவர்கள், வெப்பத்தால் எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்கள் அலைபாய்வதும், அதனால் தவிர்க்கவே முடியாத ஓர் இரைச்சல் உண்டாவதும் குறித்து எழுதினார்கள். ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் கணக்கால் விளக்கினார். அறை வெப்பநிலையில், பேச்சுக்கான 2.4 கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டையில், 50 ஓம் உள்ளீட்டில் அது 0.022 மைக்ரோவோல்ட். உலகின் எந்த ரிசீவரும் இதற்குக் கீழே அமைதியாக இருக்க முடியாது. 0.25 மைக்ரோவோல்ட் சமிக்ஞையை இரைச்சலுக்கு மேல் 10 டெசிபல் உயரத்தில் கேட்க வைக்கும் ஒரு நல்ல பழைய செட்டின் சொந்த இரைச்சல் அந்த அடிமட்டத்தைப் போல நான்கு மடங்கு மின்னழுத்தம், அதாவது 11, 12 டெசிபல் அதிகம்.

இதோடு வெளி உலகத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டுள்ள ரேடியோ இரைச்சல் கணக்கின்படி 7 மெகாஹெர்ட்ஸில், ஆள் அரவமற்ற கிராமப்புறத்தில்கூட மனிதன் உண்டாக்கும் இரைச்சல் அடிமட்டத்துக்கு மேல் சுமார் 29 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் 49. சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் எஸ்9 என்றால் 50 ஓமில் 50 மைக்ரோவோல்ட், ஒரு எஸ் என்றால் 6 டெசிபல் என்ற வழக்கமான அளவில் பார்த்தால், ஊருக்குள் இருக்கும் ஒரு வீட்டில் 40 மீட்டர் பட்டையில் முள் எஸ்6-இல் நின்று இரைவது முழு ஆரோக்கியமான செட்டுக்கும் இயல்பு. மட்டமான செட் அதே இடத்தில் அமைதியாகத்தான் இருக்கும், காது கேட்காததால்! பழுது பார்த்த பிறகு இரைச்சல் கூடிவிட்டதே என்று கவலைப்படுகிறவர் பல சமயம் தன் வெற்றியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

28 மெகாஹெர்ட்ஸில் கதை மாறுகிறது. கிராமப்புற இரைச்சல் அங்கே 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். செட்டின் சொந்த இரைச்சலும் அதே உயரம். பால்வழியின் சீறல் அதற்குச் சற்று மேலே, 19 டெசிபல் அளவில். எனவே ரிசீவரின் உண்மையான தரத்தைச் சோதிக்க 10 மீட்டர் பட்டைதான் சரியான இடம். ஆண்டெனாவைச் செருகும்போது அங்கேயும் இரைச்சல் கொஞ்சமாவது உயர்ந்தால் செட்டின் முன்பகுதி பிழைத்திருக்கிறது.

இரைச்சல் உள்ளேதான் என்று தெரிந்தபின் செட்டின் இரண்டு குமிழ்கள் பாதி வேலையை முடித்துத் தரும். வால்யூமை முழுக்கக் குறைத்தும் சத்தம் நிற்கவில்லையா? அது ஆடியோ ஆம்ப்ளிஃபையரிலோ பவர் சப்ளையிலோ இருக்கிறது. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டயோடுகள் அதன் இரண்டு பாதிகளையும் திருத்துவதால் வடிகட்டும் பெரிய கண்டென்சர் கெட்டால் வரும் உறுமல் 100 ஹெர்ட்ஸ். அதைவிடத் தாழ்ந்த, அடிவயிற்றில் உணரும்படியான 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் எர்த் இணைப்பையோ, டயோடுகளில் ஒன்று விட்டுப்போனதையோ சந்தேகிக்க வேண்டும். காது பழகிவிட்டால் இந்த இரண்டையும் மீட்டர் இல்லாமலே பிரித்துவிடலாம். வால்யூமைக் குறைத்தால் சத்தம் நிற்கிறது, ஆனால் ஆர்.எஃப். கெயினைக் குறைத்தால் நிற்கவில்லை என்றால் டிடெக்டர், அதற்கு உதவும் பிஎஃப்ஓ ஆசிலேட்டர், அதை அடுத்த முன்-ஆம்ப்ளிஃபையர் ஆகிய இடங்கள். ஆர்.எஃப். கெயினிலேயே நின்றுவிட்டால் அதற்கும் முன்னால்.

அதற்கும் முன்னால் என்றால் எவ்வளவு தூரம்? இங்கே பழைய மெக்கானிக்குகளின் ஒரு வித்தை உதவுகிறது. 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை எடுத்து, ஒரு காலை சேசிஸில் பிடித்து, மறு காலை ஒவ்வொரு கட்டத்தின் உள்ளீட்டிலும் தொட்டுக்கொண்டே ஸ்பீக்கர் பக்கமிருந்து ஆண்டெனா பக்கமாக நகர வேண்டும். கண்டென்சர் நேர் மின்னோட்டத்தைத் தொந்தரவு செய்யாது. சமிக்ஞையை மட்டும் தரைக்கு இறக்கிவிடும். தொட்டதும் இரைச்சல் நின்றால் பிறப்பிடம் இன்னும் முன்னால். தொட்டும் நிற்காத முதல் கட்டம் எதுவோ அதுதான் குற்றவாளி. பெருக்கத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஜிசியை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை குறைந்ததும் அது பெருக்கத்தை ஏற்றிவிட்டுக் கேட்பவரை ஏமாற்றும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: எஃப்டி-101 போன்ற செட்களில் கடைசி வால்வுகளின் பிளேட்டுக்கு 600 வோல்ட் அளவில் போகிறது. அந்தப் பகுதியில் இந்த வித்தையை ஒருபோதும் செய்யக் கூடாது. ரிசீவர் போர்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, குற்றவாளி முன்பகுதியில் இருக்கும் வழக்கு. இதுதான் அதிகம் ஏமாற்றுவது. ஜான்ஸ்கிக்கு ஹோம்டெலில் மேலதிகாரியாக இருந்த ஹரால்டு ஃப்ரீஸ், 1944-இல் ரிசீவர் இரைச்சலுக்கு ஒரு சூத்திரம் தந்தார். முதல் கட்டத்தின் இரைச்சல் அப்படியே கணக்கில் சேரும். இரண்டாம் கட்டத்தினுடையது, முதல் கட்டத்தின் பெருக்கத்தால் வகுக்கப்பட்ட பிறகே சேரும். முதல் கட்டத்தின் இரைச்சல் எண் 3, இரண்டாம் கட்டமான மிக்சரின் எண் 31, முதல் கட்டம் 10 மடங்கு பெருக்குகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3-உடன் 30-ஐ 10-ஆல் வகுத்தது, அதாவது 6. முதல் டிரான்சிஸ்டர் பாதி செத்துப் பெருக்கமே இல்லாமல் போனால்? 3-உம் 30-உம் சேர்ந்து 33. மிக்சர் மாறவில்லை, அடுத்து வரும் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) கட்டங்கள் மாறவில்லை, ஆனால் செட் ஐந்து மடங்குக்கும் மேல் இரைச்சலாகிவிட்டது. ஊற்றிலேயே கலங்கிய நீரைக் கடைமடையில் தெளிய வைக்க முடியாதது போல, முதல் கட்டத்தில் இழந்ததைப் பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் மீட்க முடியாது.

ஆகவே சீறல் கூடிவிட்டது என்ற புகாருக்குப் பல நேரம் உண்மையான காரணம் சமிக்ஞை குறைந்துபோனதுதான். பிரீசெலக்டர் குமிழ் உள்ள செட்களில் இதைச் சோதிக்க அழகான வழி இருக்கிறது. டம்மி லோடு மாட்டிய நிலையில் குமிழை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் சீறல் லேசாகப் புடைக்க வேண்டும். புடைத்தால், முதல் கட்டத்தின் இரைச்சல் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது என்று பொருள். ஃப்ரீஸின் கணக்கு சரியாக ஓடுகிறது. எங்கே திருப்பினாலும் ஒரே சீறல் என்றால் முதல் கட்டம் உறங்குகிறது.

அதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று, முன்வரிசையில் இருக்கும் மாஸ்ஃபெட். அருகில் விழுந்த மின்னலோ, பக்கத்து டிரான்ஸ்மிட்டரோ அதன் நுண்ணிய கேட்டை ஓட்டை போட்டிருக்கும். மற்றொன்று ஆண்டெனா ரிலே. பேசும்போது 100 வாட் செல்லும் அதே ரிலே வழியாகத்தான் கேட்கும்போது மைக்ரோவோல்ட்டும் வருகிறது. கேட்கும் பக்கத்து முனைகளில் படியும் ஆக்சைடு படலத்தை உடைக்க மைக்ரோவோல்ட்டுக்கு வலு இல்லை. அடையாளம் தெளிவானது: மைக் பொத்தானை ஒரு கணம் அழுத்தி விட்டால் நிலையங்கள் பளிச்சென்று வரும், சற்று நேரத்தில் மறுபடி மங்கும். ரிலே முனைகளுக்கு நடுவே கான்டாக்ட் கிளீனர் தோய்ந்த காகிதத் துண்டை இழுத்தால் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். முனையின் மேல்பூச்சு போய்விட்டால் நோய் வேகமாகத் திரும்பி வரும்.

சீறல் ஒரு வகை என்றால் படபடப்பும் வெடிப்பும் வேறு வகை. அங்கே வேதியியலும் உலோகவியலும் மேசைக்கு வந்துவிடுகின்றன. 1940-50-களின் அமெரிக்க வால்வு ரேடியோக்களில் ஐஎஃப் டிரான்ஸ்பார்மரின் அடியில் வெள்ளி பூசிய மைக்கா தகடு கண்டென்சராக இருக்கும். பல்லாண்டு மின்னழுத்தத்தில் வெள்ளி மெல்ல நகர்ந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாலம் கட்டும். ஸ்பீக்கரில் இடி மின்னல் போலவே வெடிக்கும். ஐரோப்பாவின் ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரையிலான ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்குள் நடந்தது இன்னும் விசித்திரம். அவற்றின் உலோக உறையின் உள்சுவரிலிருந்து முடியைவிட மெல்லிய வெள்ளீய இழைகள் தானாகவே வளர்ந்து உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டன. பலர் உறைக்குப் போகும் நான்காவது காலை வெட்டிவிட்டே அவற்றை மீண்டும் பேச வைத்திருக்கிறார்கள். 

1980-களின் நடுவில் வந்த கென்வுட் டிஎஸ்-440எஸ் செட்டின் வியாதி வேறு. அதன் அதிர்வெண் தொகுப்பியில், ஆசிலேட்டரின் காயில்களும் கண்டென்சர்களும் அதிராமல் இருக்கத் தொழிற்சாலையில் ஒரு பசை ஊற்றினார்கள். வருடங்கள் போகப் போக அது பழுப்பேறி, மின்சாரம் கசியவிட ஆரம்பித்தது, கம்பிகளையும் அரித்தது. நோய் முற்றினால் ஆசிலேட்டர் பூட்டிலிருந்து விடுபட்டு, டிஸ்பிளேயில் எண்கள் போய்ப் புள்ளிகள் மட்டும் நிற்கும். அந்தப் புள்ளிகள் ஹாம்கள் வட்டாரத்தில் பிரசித்தம். முற்றுவதற்கு முன் அந்தக் கசிவு ஆசிலேட்டரை நடுங்க வைக்கும். பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் அடியில் அரித்துப்போன பாகங்களை மாற்றி, மின்னழுத்தத்தை மறுபடி சரி செய்வதைத் தவிர வேறு மருந்து இல்லை.

ஆசிலேட்டர் நடுங்குவதால் வரும் இரைச்சலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு: வெற்று அலைவரிசையில் அது மறைந்து கிடக்கும், வலுவான நிலையம் ஒன்று பக்கத்தில் வந்ததும் சேர்ந்து எழும். செட்டின் படிக மார்க்கரைப் போட்டுக் கேட்டால் புல்லாங்குழல் போல் தெளிந்திருக்க வேண்டிய தொனி கரகரக்கும். ரெகுலேட்டரில் இருக்கும் ஜீனர் டயோடின் பக்கத்துக் கண்டென்சர் உலர்ந்துபோனாலும் இதே விளைவுதான். ஜீனர் இயல்பிலேயே இரைபவன். அவனை அமைதிப்படுத்தும் காவலன் அந்தச் சிறிய கண்டென்சர்.

பழுது பார்த்த கை உண்டாக்கும் இரைச்சலையும் பேசியாக வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானிய செட்கள் பலவற்றில் போர்டுகள் சேசிஸோடு எர்த் ஆவது திருகாணிகள் வழியாக. ஒரு திருகாணியைத் தளர்வாக விட்டாலும், அதன் அடியில் ஆக்சைடு இருந்தாலும் கட்டங்கள் ஒன்றையொன்று ஊட்டிவிட்டு அரைகுறையாக ஆசிலேட் ஆகத் தொடங்கும். காதுக்கு அது வெறும் சீறலாகவே கேட்கும். கழற்றி வைத்த தகரக் கவசத்தை மாட்ட மறப்பதும், காலை நீளமாக விட்டு கண்டென்சரைப் பற்றவைப்பதும், கிடைக்கவில்லை என்று அதிகப் பெருக்கமுள்ள நவீன டிரான்சிஸ்டரைப் போடுவதும் இதே ரகம். ஐஎஃப் காயில்களின் கோரைத் தேவையில்லாமல் திருப்பிப் பார்ப்பது எல்லாவற்றிலும் மோசம். சரியான இடத்திலிருந்து நகர்ந்த காயிலை சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் திரும்பக் கொண்டு வருவது கடினம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், டம்மி லோடில் செட் அமைதியாக இருந்தும், ஆண்டெனா போட்டால் தாங்க முடியாத இரைச்சல் என்றால் செட்டை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க வேண்டும். அந்த செட் கடைசியாகப் பேசியபோது வீட்டில் குண்டு பல்பும் இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்பார்மரும் இருந்தன. இன்று எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், மொட்டை மாடியில் சோலார் இன்வெர்ட்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டித் திறக்கும் சுவிட்ச். அந்த வெட்டுகளின் மேலொலிகள் சிற்றலை முழுக்கப் பரவுகின்றன. 12 வோல்ட்டில் ஓடும் செட்டை கார் பேட்டரியில் இணைத்து, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்டால் உண்மை ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரைச்சல் விழுந்தால் எதிரி வீட்டுக்குள். மெயினைப் போட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் எந்த அறை, எந்தக் கருவி என்பதும் தெரிந்துவிடும். பழுது பார்த்த செட்டுக்கென்று புதிதாக வாங்கிய மலிவான பவர் சப்ளையே எதிரியாக இருப்பதும் அபூர்வம் இல்லை.

மெயினை அணைத்தும் நிற்காமல், மாலையில் மட்டும் படபடவென்று வெடித்தால் அது மின்னலாக இருக்கலாம். உலகில் நொடிக்கு 40-க்கும் மேற்பட்ட மின்னல்கள் அடிக்கின்றன, பெரும்பகுதி வெப்பமண்டலத்தில். அவற்றின் அதிர்வு அயனி மண்டலத்தில் பட்டுத் தெறித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும். தமிழ்நாட்டில் கோடை இடிமழைக் காலத்திலும் ஐப்பசியிலும் 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் இரவு கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. அதற்கு சால்டரிங் அயர்ன் தேவையில்லை; செட்டை அணைத்து ஆண்டெனாவைக் கழற்றி வைப்பதே நல்லது.

பழைய செட்டை முழுக்கப் பழுது பார்த்து முடித்தவர்கள் ஒரு வேலையை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் டம்மி லோடு போட்டபோது எஸ்-மீட்டர் காட்டியது எவ்வளவு, ஆண்டெனா போட்டபோது எவ்வளவு, அன்று என்ன தேதி, என்ன நேரம், எந்த பவர் சப்ளை என்று ஒரு சீட்டில் எழுதி செட்டின் மேல்மூடிக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை இரைச்சல் கூடியதாகத் தோன்றும்போது முதலில் அந்தச் சீட்டைப் பாருங்கள், பிறகு திருப்புளியை எடுங்கள்.